மியூட்டன்ட் ஏற்பி செல்லுக்குள் எங்கே நிற்கிறது? கண்டுபிடிக்கும் வழி

எங்கள் லேப்புக்கு ப்ராஜெக்ட் செய்ய வரும் எம்.எஸ்ஸி. பிள்ளைகள் சீக்கிரமே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்கள்: "அக்கா, இந்த மியூட்டன்ட் வேலை செய்யல." சரி, ஜீனில் மாற்றம் (மியூட்டேஷன்) ஏற்பட்ட அந்தப் புரதம் வேலை செய்யவில்லை. ஆனால் அது வேலைக்கே போய்ச் சேர்ந்ததா என்று யாராவது பார்த்தீர்களா? ஏற்பி செல்லின் வெளிச்சவ்வில் நின்று ஹார்மோனைப் பிடிக்க வேண்டிய புரதம். அது எண்டோபிளாச வலைக்குள்ளேயே (புதிய புரதம் மடிந்து உருவாகும் உள்ளறை) முடங்கிக் கிடந்தால், பிடிக்கத் தெரிந்திருந்தும் பயனில்லை. எனவே "ஏன் வேலை செய்யவில்லை" என்பதற்கு முன்னால் "எங்கே நிற்கிறது" என்று கேட்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க நான் சொல்லிக்கொடுக்கும் வரிசைதான் இது. வெஸ்டர்ன் பிளாட் ஓட்டத் தெரிந்தால் போதும்.

உதாரணத்துக்கு, உடலில் தண்ணீரைத் தக்கவைக்கும் வாசோபிரெசின் ஹார்மோனைப் பிடிக்கும் சிறுநீரகத்து வி2 ஏற்பியை எடுத்துக்கொள்கிறேன். 371 அமினோ அமிலங்கள், சவ்வை 7 முறை குறுக்கே கடக்கும் ஆள். இதன் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது கெட்டால் சிறுநீரகம் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சாது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும் நெஃப்ரோஜெனிக் டயாபிடிஸ் இன்சிபிடஸ் இதனால்தான். பெரியவர்களானதும் நாளைக்கு 10 லிட்டருக்கு மேல்கூடச் சிறுநீர் போகும். 200க்கும் அதிகமான மியூட்டேஷன்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியவற்றில் பெரும்பான்மை, எண்டோபிளாச வலையைத் தாண்டாதவை.

செல் எதைப் பார்க்கிறது?

இது தெரிந்தால்தான் நாம் எதைப் பார்க்க வேண்டும் என்பது புரியும். ரைபோசோமிலிருந்து புரதம் வலைக்குள் நுழைந்துகொண்டிருக்கும்போதே, அதன் அஸ்பராஜின் ஒன்றின் மேல் 14 சர்க்கரை கொண்ட கிளைச் சங்கிலி ஒன்று ஒட்டப்படுகிறது: அடியில் 2 என்-அசிட்டைல்குளுகோசமைன், அதன்மேல் 9 மேனோஸ், நுனியில் 3 குளுகோஸ். நுனியில் இரண்டு வெட்டுப்பட்டு ஒன்று மிஞ்சும்போது, மடிப்புக்கு உதவும் புரதங்களான கால்நெக்சினும் கால்ரெட்டிகுலினும் அந்த ஒற்றைக் குளுகோஸைப் பிடித்துக்கொள்ளும். அவற்றோடு சேர்ந்து வேலை பார்க்கும் ஈஆர்பி57 டைசல்ஃபைடு பிணைப்புகளைச் சரிசெய்து தரும். பிறகு கடைசிக் குளுகோஸும் போய்ப் புரதம் விடுபடும்.

சோதனை நடப்பது அதற்கப்புறம். யூஜிஜிடி என்ற நொதி வந்து தடவிப் பார்க்கும். உள்ளே மறைய வேண்டிய, தண்ணீருக்கு ஆகாத பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஒரு குளுகோஸை மறுபடி ஒட்டி கால்நெக்சினிடமே திருப்பி அனுப்பிவிடும். தப்பு இருந்தால் "மறுபடி எழுதிட்டு வா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் வாத்தியார்தான். ஆனால் இது முடிவில்லாமல் நடக்காது. இதற்கிடையில் மேனோஸ்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். நிறைய வெட்டுப்பட்டவை ரொம்ப நாழி உள்ளே கிடந்தவை என்று அர்த்தம். அவற்றை ஓஎஸ்9 போன்ற புரதங்கள் அடையாளம் கண்டு ஹெச்ஆர்டி1 வளாகத்திடம் ஒப்படைக்கும். அங்கே யுபிக்விட்டின் என்ற அழிவுச் சீட்டு ஒட்டும், பி97 என்ற புரதம் சவ்விலிருந்து இழுத்தெடுக்கும், சைட்டோபிளாசத்தில் புரோட்டியாசோம் அரைத்துவிடும்.

தேறியவை கோப்2 என்ற உறை போர்த்திய குமிழிகளில் ஏறி, சர்க்கரையை மாற்றியமைக்கும் அடுத்த அறையான கோல்கிக்குப் போகும். தேறினாலும் ஏறுவதற்கு ஓர் அடையாளம் வேண்டும். வி2 ஏற்பியின் உள்வாலில் 335ஆம் இடத்து குளுட்டமேட்டும் 339, 340இல் இருக்கும் இரண்டு லூசின்களும் இல்லையென்றால் அது வெளியே வராது.

இதில் மனதில் வைக்க வேண்டியது, செல் வடிவத்தைத்தான் சோதிக்கிறது, வேலையை அல்ல. கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஹார்மோனைப் பிடித்து நன்றாகச் சிக்னல் கொடுக்கக்கூடிய ஏற்பியையும் அது உள்ளேயே வைத்துக்கொள்ளும். இவ்வளவு மெனக்கெட்டு இடத்தைக் கண்டுபிடிப்பது அதற்காகத்தான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம்

ஒன்று, டேக் (ஆன்டிபாடியால் அடையாளம் காண ஏற்பியோடு சேர்க்கும் சிறு துண்டு) எங்கே வைக்கிறீர்கள் என்பது. ஹெச்ஏ அல்லது ஃபிளாக் போலச் சின்னதாக, வெளிப்பக்கத்து முனையில் வையுங்கள். வெளிப்பக்கம் இருந்தால்தான் செல்லை ஓட்டை போடாமலே ஆன்டிபாடி போட்டுப் பார்க்க முடியும். வி2 ஏற்பிக்கு, புரதத்தை வலைக்குள் நுழைத்துவிட்டு வெட்டுப்படும் முனைத்துண்டான சிக்னல் பெப்டைடு கிடையாது, எனவே முனையிலேயே வைக்கலாம். ரத்தத்துக் கொலஸ்ட்ராலைச் செல்லுக்குள் எடுக்கும் எல்டிஎல் ஏற்பிக்கு 21 அமினோ அமில சிக்னல் பெப்டைடு உண்டு. அதற்கு முன்னால் டேக் வைத்தால் வலைக்குள் நுழைந்ததும் டேக்கும் சேர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விடும். பிளாட்டில் ஒன்றுமே தெரியாது, மூன்று மாதம் ஆன்டிபாடியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். வால்பக்கம் ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) மாட்ட ஆசைப்படுபவர்கள் மேலே சொன்ன இரண்டு லூசின்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, டிஎன்ஏவைக் கொட்டாதீர்கள். ஹெக் 293 என்ற மனிதச் சிறுநீரக செல்லில் வலுவான புரமோட்டரோடு அள்ளி டிரான்ஸ்ஃபெக்ட் செய்தால் (உள்ளே செலுத்தினால்), வலையின் சாப்பரோன்களுக்கே (மடிப்புக்கு உதவும் புரதங்கள்) தாங்காது. நல்ல ஏற்பியும் உள்ளே தேங்கும். டிஎன்ஏவின் அளவைக் குறைத்துக் குறைத்து, பேண்ட் தெரிகிற குறைந்த அளவில் நிறுத்துங்கள். மிச்சத்தை வெற்று பிளாஸ்மிடால் நிரப்புங்கள். மாறாத ஏற்பியும் முழுசாக வெளியே போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஹெக் செல்லில் டெல்டா ஓபியாய்டு ஏற்பியைத் தொடர்ந்து பார்த்ததில், புதிதாக உருவானதில் சுமார் 40 சதவீதம்தான் முதிர்ந்த வடிவத்தை அடைந்தது. எனவே ஒவ்வொரு ஜெல்லிலும் நல்ல ஏற்பி பக்கத்திலேயே இருக்க வேண்டும். மியூட்டன்ட்டை மட்டும் தனியாக ஓட்டிக் கொண்டுவந்தால் நான் பார்க்கவே மாட்டேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் ஏற்பிக்குத் துணை தேவையா? காபா-பி ஏற்பியின் முதல் துண்டு தன் வாலில் ஆர்ஜினின் நிறைந்த ஒரு தடை அடையாளத்தோடு பிறக்கிறது. இரண்டாம் துண்டு வந்து வாலோடு வால் முறுக்கிக்கொண்டு அதை மூடினால்தான் வெளியே விடுவார்கள். கால்சிட்டோனின் ஏற்பி போன்ற சிஎல்ஆர் என்ற ஏற்பிக்கு ராம்ப் என்ற சின்னப் புரதம் கூட வர வேண்டும். 1998இல்தான் அது தெரியவந்தது. துணையைப் போடாமல் விட்டுவிட்டு மடிப்பு கெட்டது என்று எழுதிவிடக் கூடாது.

முதல் சோதனை: சர்க்கரையைக் கேளுங்கள்

என் கணக்கில் செலவு குறைந்ததும் நம்பகமானதும் இதுதான். எண்டோ ஹெச் என்ற நொதி, மேனோஸ் நிறைந்த சங்கிலியை மட்டும் அடியில் இருக்கும் இரண்டு குளுகோசமைன்களுக்கு நடுவே வெட்டும். கோல்கியின் நடுப்பகுதியில் மேனோசிடேஸ் 2 தன் வேலையை முடித்துவிட்டால், அப்புறம் அந்தச் சங்கிலி எண்டோ ஹெச்சுக்கு மசியாது. பிஎன்கேஸ் எஃப் அப்படியல்ல. பழசு புதுசு பார்க்காமல் கிட்டத்தட்ட எல்லா என்-சங்கிலியையும் அடியோடு வெட்டிவிடும். எனவே ஒரே லைசேட்டை (உடைத்த செல்லின் சாறு) மூன்று குழாயில் பிரியுங்கள்: நொதி இல்லாதது, எண்டோ ஹெச், பிஎன்கேஸ் எஃப்.

செல்லை ஐஸ் மேலேயே உடையுங்கள். பஃபரில் புரோட்டியேஸ் தடுப்பான் கலவையோடு 20 மில்லிமோலார் என்-எத்தில்மாலிமைடும் புதிதாகச் சேருங்கள். இல்லாவிட்டால் உடைத்த பிறகு சிஸ்டீன்கள் கண்டபடி கோத்துக்கொள்ளும். டிடர்ஜென்ட்டுக்கு டோடெசில் மால்டோசைடு 1 சதவீதம். சுழற்றியதும் கீழே தங்கிய படிவைத் தூக்கி எறியாதீர்கள். கட்டியாகிப்போன மியூட்டன்ட் அங்கேதான் இருக்கும்; அதையும் ஓட்டிப் பார்த்தால்தான் "அளவு குறைந்தது" என்று சொல்லும் உரிமை வரும்.

அடுத்து, எல்லோரும் தடுக்கி விழும் இடம். நொதிக் கிட்டோடு வரும் தாள் "100 டிகிரியில் 10 நிமிடம் வேகவையுங்கள்" என்று சொல்லும். கரைந்து திரியும் புரதத்துக்கு அது சரி. 7 முறை சவ்வைக் கடக்கும் ஏற்பியை அப்படி வேகவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டி, ஜெல்லின் கிணற்றடியிலேயே கறுப்பாக உட்கார்ந்துவிடும். இந்த வகை ஏற்பிக்கு 37 டிகிரியில் அரை மணி நேரம் போதும். ஜெல்லுக்கு ஏற்றுவதற்கு முன் சாம்பிள் பஃபரில் சூடாக்கும்போதும் இதே விதிதான். பிஎன்கேஸ் எஃப் குழாயில் என்பி-40 ஒரு சதவீதம் மறக்க வேண்டாம். எஸ்டிஎஸ் அந்த நொதியை முடக்கிவிடும். நொதியோடு 37 டிகிரியில் ஒரு மணி நேரம்.

ஜெல்லை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். ஒரு என்-சங்கிலி போனால் இறங்குவது சுமார் 2 முதல் 3 கிலோடால்டன்தான். வி2 ஏற்பிக்கு 22ஆம் இடத்து அஸ்பராஜினில் இருப்பது ஒரே ஒரு சங்கிலி. 10 சதவீத ஜெல்லில் சாயம் அடிவிளிம்பைத் தாண்டிப் போகும் வரை ஓடட்டும்.

இப்போது படிக்கலாம். நல்ல ஏற்பிக்கு இரண்டு தெரியும்: 40 கிலோடால்டன் பக்கம் ஒல்லியாக ஒரு கோடு, 45 முதல் 55 வரை இழுவிய மாதிரி அகலமான ஒரு பட்டை. ஒல்லிக்கோடு வலைக்குள் இருப்பது. எண்டோ ஹெச் போட்டால் கீழே இறங்கும். அகலப்பட்டை கோல்கி தாண்டியது. எண்டோ ஹெச்சுக்கு அசையாது, பிஎன்கேஸ் எஃப்புக்கு இறங்கும். அது அகலமாக இருப்பதற்குக் காரணம், கோல்கியில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் சர்க்கரை அலங்காரம் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடுவது. பிஎன்கேஸ் எஃப் போட்ட பிறகும் இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்து சேராமல் இருக்கலாம். வி2 ஏற்பிக்கு ஓ-சர்க்கரைகளும் உண்டு, பிஎன்கேஸ் எஃப் அவற்றைத் தொடாது. மியூட்டன்ட்டில் அகலப்பட்டை அறவே இல்லாமல், ஒல்லிக்கோடு மட்டும் இருந்து, அதுவும் எண்டோ ஹெச்சுக்கு முழுசாக இறங்கினால் ஆள் உள்ளேயே நிற்கிறார். பாதி தெரிந்தால், சில மூலக்கூறுகள் தப்பிப் போகின்றன என்று பொருள். அந்த மியூட்டன்ட்தான் பிற்பாடு மீட்புச் சோதனைக்கு நல்ல கேஸ்.

கை பழகாதவர்களை முதலில் எல்டிஎல் ஏற்பியை ஓட்டச் சொல்வேன். வலைக்குள் 120 கிலோடால்டன் போல ஓடும் ஏற்பி, கோல்கி தாண்டியதும் 160 போல ஓடும். இந்த வித்தியாசம் பெரும்பாலும் ஓ-சர்க்கரையால் வருவது. நொதியே தேவையில்லை, வெறும் கண்ணாலேயே இடம் தெரியும். ஹெப் ஜி2 செல்லில் அது இயற்கையாகவே இருக்கிறது. ஸ்டாட்டின் போட்டு கொழுப்புப்புரதம் நீக்கிய சீரத்தில் ஒரு ராத்திரி வைத்தால் அளவு ஏறும். பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் வாங்கியது கொலஸ்ட்ராலை எல்டிஎல் ஏற்பி கட்டுப்படுத்தும் விதத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான். பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயின் மியூட்டேஷன்களைப் பிரிக்கும்போது, 120இலேயே நின்றுவிடுபவற்றை இரண்டாம் வகை என்று அவர்கள் குழு தனியாகவே வைத்தது. லெபனானில் அதிகம் காணப்படும் 660ஆம் இடத்தில் அறுந்துபோகும் வடிவம் அந்த வகைதான்.

இரண்டாவது சோதனை: வெளியே இருப்பதைப் பிடித்தெடுங்கள்

கோல்கி தாண்டியது எல்லாம் சவ்வில் நிற்கிறது என்று சொல்ல முடியாது. அதற்கு பயோட்டின். சல்ஃபோ-என்ஹெச்எஸ்-எஸ்எஸ்-பயோட்டின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் லைசின்களில் ஒட்டும். முழு வேலையும் குளிர் அறையில், 4 டிகிரியில். சூட்டில் செய்தால் ஏற்பிகள் உள்ளே இழுக்கப்பட்டுக் கணக்கு கெடும். கழுவும் பிபிஎஸ்ஸில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஹெக் செல்கள் தகடு தகடாகப் பெயர்ந்து வரும். தட்டில் முன்கூட்டியே பாலிலைசின் பூசிவிடுங்கள். பயோட்டின் ஒட்டும் கட்டத்தில் டிரிஸ் பஃபரைக் கிட்டேயே கொண்டுவர வேண்டாம், அதன் அமைன் மொத்தப் பயோட்டினையும் தின்றுவிடும். அரை மணி கழித்து மிச்சத்தை அடக்கத்தான் டிரிஸ் அல்லது கிளைசின். பிறகு செல்லை உடைத்து, ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளில் பிடித்து, டிடிடி போட்டு விடுவியுங்கள்.

அந்தப் பிளாட்டில் கட்டாயம் இரண்டு துணைச் சாட்சிகள் வேண்டும். வெளிச்சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் ஏடிபியேஸ் தெரிய வேண்டும். வலைக்குள் இருக்கும் கால்நெக்சின் தெரியவே கூடாது. கால்நெக்சின் எட்டிப் பார்த்தால் செத்த செல்கள் வழியே பயோட்டின் உள்ளே போயிருக்கிறது. அந்தத் தட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இப்படிச் செய்யும்போது ஒரு விசித்திரமான கூட்டம் மாட்டும்: சர்க்கரை முதிர்ந்திருக்கும், ஆனால் வெளியே ஆள் இருக்காது. வி2 ஏற்பியில் 137ஆம் இடத்து ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறிய வடிவம் இதற்குப் பெயர்போனது. ஹார்மோன் இல்லாமலே, ஏற்பிகளை உள்ளே இழுக்கும் அரெஸ்டின் என்ற புரதம் அதைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறது என்று 2001இல் காட்டினார்கள். வெளியே போனவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இது மடிப்புச் சோதனையில் தோற்ற கேஸ் அல்ல. பயோட்டின் ஒன்றை மட்டும் செய்தவர் இதையும் வலைக்குள் தேங்கியது என்று எழுதிவிடுவார்.

மைக்ரோஸ்கோப்பைக் கடைசியில் வையுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். ஹெக் செல்லில் நியூக்ளியஸ் போக மிஞ்சுவது மெல்லிய விளிம்பு. அங்கே எண்டோபிளாச வலையும் வெளிச்சவ்வும் ஒட்டிக்கொண்டு ஒரே பச்சை வளையமாகத் தெரியும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் காஸ் போன்ற பரந்த செல்லில், ஓட்டை போடாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை சாயமிட்டு எடுங்கள். வலைக்கு அடையாளமாகக் கால்நெக்சின், கோல்கிக்கு ஜிஎம்130 பக்கத்தில் இருக்கட்டும்.

எப்படி அழிகிறது?

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். சைக்ளோஹெக்ஸிமைடு போட்டுப் புதிய புரதம் உருவாவதை நிறுத்தி, 0, 1, 2, 4 மணி நேரத்தில் பாருங்கள். புரோட்டியாசோமை முடக்கும் எம்ஜி132 சேர்த்ததும் ஒல்லிக்கோடு தங்கினால் புரோட்டியாசோம் வழி. லைசோசோமை முடக்கும் பாஃபிலோமைசினுக்குத் தங்கினால் லைசோசோம் வழி, அதாவது வலையைத் தாண்டிய பிறகு அழிகிறது. எஸ்-35 மெத்தியோனின் வைத்துத் துல்லியமாகவும் செய்யலாம். ஆனால் நம் ஊரில் கதிரியக்கத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அனுமதி, தனி அறை எல்லாம் வேண்டும். இருக்கிற லேப்பில் போய்க் கேட்டுச் செய்வது மேல்.

பிரெஃபெல்டின் ஏ பற்றி ஓர் எச்சரிக்கை. கடத்தலை நிறுத்தும் மருந்துதான். ஆனால் அது கோல்கியின் நொதிகளையே வலைக்குள் இழுத்துவந்துவிடும். வலைக்குள் நிற்கும் ஏற்பிக்கே எண்டோ ஹெச் மசியாத சர்க்கரை வந்துவிடும். அதைப் போட்ட தட்டில் எண்டோ ஹெச் முடிவைப் படிக்காதீர்கள்.

மீட்க முடியுமா?

முதலில் இலவச வைத்தியம்: இன்குபேட்டரை 27 முதல் 30 டிகிரிக்கு இறக்கி ஒரு ராத்திரி வையுங்கள். 1992இல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் கால்வாய்ப் புரதத்தின் 508ஆம் அமினோ அமிலம் விடுபட்ட மியூட்டன்ட் இப்படித்தான் குளிரில் சவ்வுக்கு வந்தது. அகலப்பட்டை தலைகாட்டினால் மடிப்புதான் பிரச்சினை, அது கொஞ்சம் உதவினால் தேறும் ரகம் என்று தெரிந்துவிடும்.

அடுத்து, ஏற்பியின் சொந்த மருந்தையே ஊன்றுகோலாகக் கொடுப்பது. வாசோபிரெசின் ஒரு பெப்டைடு, செல்லுக்குள் போகாது. பெப்டைடு அல்லாத எதிர்மருந்துகள் (ஏற்பியில் உட்கார்ந்து ஹார்மோனைத் தடுக்கும் ஆன்டகனிஸ்ட்கள்) சவ்வைக் கடந்து வலைக்குள் போய், கோணலான ஏற்பியின் பள்ளத்தில் உட்கார்ந்து வடிவத்தை நிலைநிறுத்தும். வி2 ஏற்பியின் பல மியூட்டன்ட்கள் இப்படி வெளியே வந்து சிக்னலும் கொடுத்தன என்று 2000இல் மாண்ட்ரியால் குழு காட்டியது. 2006இல் 5 நோயாளிகளுக்கு எஸ்ஆர்49059 என்ற இந்த வகை மருந்தைக் கொடுத்தபோது, ஒரு நாள் சிறுநீர் சுமார் 12 லிட்டரிலிருந்து 8 லிட்டருக்கு இறங்கியது. கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 நொதிகளோடு குறுக்கிடலாம் என்ற கவலையால் அந்த மருந்தின் பயணம் நின்றுபோனது. இன்று லேப்பில், பெப்டைடு அல்லாத இன்னொரு எதிர்மருந்தான டோல்வாப்டான் எளிதாகக் கிடைக்கும்.

செய்முறை: 1 முதல் 10 மைக்ரோமோலார், 16 மணி நேரம், டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட தட்டு பக்கத்தில். பிறகு எண்டோ ஹெச், பயோட்டின் இரண்டையும் மறுபடி ஓட்டுங்கள். சிக்னலும் பார்க்கப்போகிறீர்கள் என்றால், சிக்னலைக் காட்டும் சைக்ளிக் ஏஎம்பியை அளப்பதற்கு முன் மருந்தைக் கழுவி எடுக்க வேண்டும், ஏனென்றால் அது எதிர்மருந்து. உட்கார்ந்த இடத்தை விடாமல் ஹார்மோனைத் தடுக்கும். ஒரு தடவை கழுவினால் போகாது. சீரம் அல்புமின் கலந்த மீடியத்தில் பல தடவை கழுவி, நடுவில் 37 டிகிரியில் விட்டு எடுங்கள். போய்விட்டதா என்பதற்குச் சாட்சி நல்ல ஏற்பி இருக்கும் தட்டு: அதற்கும் அதே மருந்து கொடுத்து, அதே மாதிரி கழுவி, வாசோபிரெசினுக்கு முழு சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். அது வராத நாளில் மியூட்டன்ட்டின் எண்களை நோட்டில் ஏற்ற வேண்டாம்.